குறுக்கே போனவை

ஆய்வகக் கூட்டத்தில், திரையில் என் பாக்டீரியாக்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ரைஹான் கையைத் தூக்கினாள்.

எனக்கு உள்ளூர நிம்மதி. எனக்குத் தோதாக ஏதாவது கேட்பாள்.

அல்மாத்தி விடுதியில் ஆறு வருடம் ஒரே அறை எங்களுக்கு. ஒரே வாணலியில் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துத் தின்றவர்கள். அப்பா இறந்த சேதி வந்தபோது, கரகண்டாவில் இருக்கும் என் வீடு வரை ரயிலில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

முன்வரிசையில் ஆய்வகத் தலைவர் புலாத் அகா. புதிய ஆய்வுக்குழுவை யாரிடம் கொடுப்பது என்று அன்று மாலைக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கும். அதில் விட்ட பாக்டீரியா அந்த வரிசையோடுதான் நீந்தும்; திரும்பினாலும் வந்த வழியே திரும்பும். யார் செய்து பார்த்தாலும் அப்படித்தான்.

என்னுடையவை வரிசையைக் கிழித்துக் குறுக்கே போயின.

ரைஹான் எழுந்து நின்றாள்.

“செத்த பாக்டீரியாவ வச்சும் இதே சோதனைய செஞ்சு பாத்தீங்களா?”

பாத்தியாடீ இல்லை. பாத்தீங்களா.

யாரோ தேநீர்க் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்கள். புலாத் அகா நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று காலை என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டவள் ரைஹான்.

“பாத்தேன். அதெல்லாம் அசையவே இல்ல” என்றேன்.

அவள் என்னையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். புலாத் அகாதான் முதலில் கைதட்டினார்.

குழு எனக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே ரைஹான் வேலையை விட்டுவிட்டு அஸ்தானாவுக்குப் போய்விட்டாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

அவளைப் பற்றிக் கேட்பவர்களிடம், கூட இருந்தே குழி பறித்தாள் என்று சொல்கிறேன். எல்லோரும் ஆமாம் என்கிறார்கள்.

படமெடுத்த அன்று குழாயில் இருந்த பாக்டீரியா ஒன்றுகூட உயிரோடு இல்லை, கண்ணாடித் தகட்டின் ஓரம் திரவம் கசிந்து அந்த ஓட்டம்தான் அவற்றை இழுத்துப் போயிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, விடுதிச் சமையலறையில் அவள் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டே, நான்தான் சொன்னேன்.