வெளுக்காத இடம்

புது விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்தால் பவளம் வெளுத்துவிடும். டர்பனில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இதை உபதேசித்தவனே லுங்கெலோதான். ஆனாலும் மனைவி நொம்புசோ ஊரிலிருந்து திரும்புவதற்குள், அவன் பார்த்தேயிராத, செத்துப்போன அவள் அண்ணன் விட்டுச்சென்ற பவளத்தின் ஊதா நிறத்தை ஜொலிக்க வைத்து நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டான். ஒரே வாரத்தில் அது வேகவைத்த காலிஃபிளவர் ஆகிவிட்டது.

நடுவில் ஓரிடம் மட்டும் வெளுக்கவில்லை. விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே யாரோ உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்ததைப் போல, அங்கே ஊதாவாக ஒரு கை பதிந்திருந்தது. வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான். தன் கையை மேலே பிடித்துப் பார்த்தான். பதிந்திருந்த கையைவிட அவனுக்கு ஒரு விரல் அதிகம்.

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் தொட்டியருகே நின்றாள்.

"திட்டிடு, நொம்புசோ. பைய இறக்கி வச்சிட்டாவது திட்டு."

"வெளிச்சத்தக் கூட்டினீங்களா?"

"கூட்டினேன். முட்டாப்பய நான். ஆனா இது யாரு கை?"

"டீ குடிச்சீங்களா?"

"யாரு கைன்னு சொல்லும்மா!"

"அண்ணன் கை. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே சர்க்கரை ஆலையில ஒரு விரல் போயிருச்சு. மொதல்ல விளக்கை அணைங்க. பாவம், ஒரு வாரமா கையை நீட்டிக்கிட்டே நிக்கிறாரு."