வெட்டுவதற்கான காரணம்

தன் நிலத்தில் மிளகுக்கொடி படர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மரகதவல்லி கொடுத்த மனு, காரணம் போதவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது மனுவுக்கு வனவர் தேவசகாயம் நேரிலேயே வந்தார். மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்தார். பூச்சி அரிக்கவில்லை, பட்டுப்போகவும் இல்லை. செங்குத்தாக நின்றது.

"வீடு கட்டப் போறீங்களாம்மா?"

"இல்ல சார்."

"விக்கவா?"

"விறகுக்குக்கூட வேணாம் சார். நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

"அப்புறம் எதுக்கும்மா வெட்டணும்?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "என் வீட்டுக்காரரு மிளகு பறிக்க ஏறி, இதுலேருந்துதான் விழுந்து செத்தாரு. சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா இதுதான் தெரியுது. ஆறு மாசமா மூடி வச்சே சமைக்கிறேன் சார்."

தேவசகாயம் படிவத்தைப் புரட்டினார். அதை எழுத அதில் இடமில்லை. மரத்தை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதி, அவளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'மரம் வீட்டின் மேல் சாய்ந்துள்ளது.'

"நேராத்தானே சார் நிக்குது?"

"வீட்டுக்குள்ளேருந்து பார்த்தா சாஞ்சுதாம்மா இருக்கு" என்று பேனாவை நீட்டினார்.