வரப்போரத்து ஆமணக்கு

2001 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. இரவுத் தூறல் நின்று, ரஞ்சன்குடிக் கோட்டை மதிலில் வெயில் பளிச்சென்று காய்கிறது. அந்துப்பூச்சிகள் பருத்தியை விட்டு இதில் முட்டையிடட்டும் என்று காத்தாயி வரப்போரம் நட்ட ஆமணக்கின் இலைகள், புழுக்கள் அரித்து வலைகளாய்த் தொங்குகின்றன. சென்ற ஆண்டு மருந்தடித்த கணவன் மயங்கி விழுந்த அதே வரப்பில், தெளிப்பானை முதுகில் சுமந்து கொழுந்தன் மணிவேல் நிற்கிறான். "வழிவுடுங்க அண்ணி, நாளைக்குப் பருத்தியயும் மேஞ்சுடும்." "ஆமணக்க மேயட்டும்னுதானே நட்டேன்? பந்தி வச்சவளுக்கு எல எடுக்கத் தெரியாதா?" புழு நெளியும் இலையை முறித்து, மண்ணெண்ணெய் கலந்த வாளித் தண்ணீரில் அமுக்குகிறாள். "என் பருத்தி எலயில ஒரு ஓட்ட காட்டு தம்பி, அப்புறம் மருந்தடி." மணிவேல் குனிந்து இலை இலையாகப் புரட்டுகிறான். மூன்றாம் வரிசை முடிகையில் தெளிப்பானை இறக்கி வைக்கிறான். அப்போது மணி காலை ஒன்பது பதினேழு.