குடிலில் குட்டி போட்ட பூனை

கிறிஸ்துமஸ் குடிலில் இயேசு பாலனுக்கென்று காலியாக விட்டிருந்த வைக்கோலில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது.

"அது பாலன் படுக்கிற இடம், எழுந்திரு!" என்று பதறியது மண் கழுதை.

"அவர் வந்ததும் தள்ளிப் படுத்துக்கறேன்" என்ற பூனை, எதிரே கையில் காணிக்கையோடு நின்ற மூன்று ராஜா பொம்மைகளை ஏற இறங்கப் பார்த்தது. "பொன்னு, சாம்பிராணி, வெள்ளைப்போளம்! பிள்ளை பெத்தவளைப் பார்க்க வர்றவங்க கொண்டுவர்ற சாமானா இது?"

"அவங்க ஞானிகளாக்கும்!"

"இருக்கட்டுமே. ஒரு கருவாட்டுத் தலைகூடவா தோணல?"

அப்போது தோளில் கைக்குழந்தையோடு வந்த வீட்டுக்காரி ஜெசிந்தா குட்டிகளைப் பார்த்தாள். கழுதை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் ராஜாக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பால் வைத்துப் போனாள்.

பூனை நக்கி முடித்து மீசையைத் துடைத்தது. "இவளும் ஞானியா?"

"இல்லை" என்றது கழுதை. "போன மாசம் பிள்ளை பெத்தவ."