சில்வண்டு என்றால் உயிர்

ஒரு நத்தையின் ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டது. கோடை முழுக்க வெளியே கிடந்தால் காய்ந்து கருவாடாகிவிடுவோம் என்று பயந்து, ஊருக்குப் போகிறவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை தேடியது. இலையில் தன் உடம்பின் ஈரத்தாலேயே விண்ணப்பம் எழுதும். ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கு ஆகாது. நண்டு என்றால் வாசல் மணலைப் புகழ வேண்டும். அணில் என்றால் பொந்தின் காற்றோட்டத்தை. "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க, ஆனா வேற ஆள் கிடைச்சாச்சு" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

அறுவடைக்கு வயலுக்குக் கிளம்பிய எலி, தன் செல்லச் சில்வண்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டது. நத்தை அந்தச் சில்வண்டின் குரலைப் பாராட்டி இலை நிறைய எழுதிவிட்டுக் களைத்துக் கிடந்தது. அப்போது தவளை வந்தது.

"அண்ணே, எனக்கு எழுத வராது. சில்வண்டுன்னா எனக்கு உயிர்னு மட்டும் போட்டுக் குடுங்க."

யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் நத்தை அப்படியே எழுதிக் கொடுத்தது.

வேலை தவளைக்குப் போய்விட்டது.

"உங்க எழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றது எலி. "ஆனா தவளை எழுதினது ஒரு வரின்னாலும் மனசுலேருந்து வந்திருக்கு."

"அது வயித்துலேருந்து வந்ததுங்க."

"பொறாமைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு எலி மூட்டையோடு நடந்தது.

வளைக்குள் சில்வண்டு பாட ஆரம்பித்தது. பாட்டு பாதியில் நின்றது.

மறுபடி கேட்கவில்லை. நத்தை அடுத்த இலையை இழுத்து எழுதியது: "மதிப்பிற்குரிய முயல் அவர்களுக்கு, உங்கள் வீட்டைப் போல ஒரு வீட்டை நான் கண்டதே இல்லை..."