காரணத்தோடு மலை இறங்கு

இரண்டு டிஸ்க்கிலும் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது.

குன்னூர் பக்கத்து அந்தத் தேயிலை ஃபேக்டரியில் காலையிலிருந்து சிவகுருவிடம் சம்மதம் கேட்டது அது ஒன்றுதான்.

சம்மதம் என்று அழுத்தினான். புது சர்வர், புது டிஸ்க்குகள். அழிய அதில் எதுவும் இல்லை. அழிய வேண்டியதெல்லாம் பழைய சர்வரோடு போன வாரமே அழிந்துவிட்டது, கொழுந்து கொண்டுவந்து போடும் சிறு விவசாயிகளின் எடைக் கணக்கு உட்பட.

பழையதை மாட்டியவனும் சிவகுருதான். அதிலும் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று அன்று தைரியமாகச் சொல்லியிருந்தான். பேக்கப்புக்குத் தனியாக ஒரு டிஸ்க் கேட்டபோது, அதுதான் இரண்டு இருக்கிறதே என்று மேனேஜர் பிரைட்டன் கேட்ட கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இரண்டும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன.

"எதனால போச்சுங்கற காரணத்தோட மலை இறங்கு. இல்லீன்னா நேரா ஊட்டுக்குப் போயிரு, ஆபீசுக்கு வராத" என்று கோயம்புத்தூரில் அவனுடைய கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். சிவகுருவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

காரணத்துக்கு இங்கே பஞ்சமில்லை. எலெக்ட்ரீஷியன் வோல்டேஜ் என்றார். ஸ்டோர்கீப்பர் எலி என்றார். மேனேஜர்தான் சுற்றி வளைக்காமல், மாட்டிய ஆள் சரியில்லை என்று மாட்டிய ஆளிடமே சொன்னார்.

புது சர்வரும் பழைய மூலையில்தான் இருக்க வேண்டும், ரேக்கின் முதுகு தன் அறை வாசலைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் வாஸ்து உண்டு போலிருக்கிறது என்று சிவகுரு நினைத்துக்கொண்டான்.

இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து திரையில் ஒரே வர்ச்சுவல் டிஸ்க்காகப் பிறந்தன. மேனேஜர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வாங்கிப்போட்டு ஒண்ணுதானுங்களே காட்டுது?"

ஒன்றைப் பார்த்து மற்றது எழுதும் என்று சிவகுரு மறுபடியும் விளக்கினான்.

"நம்ம அசிஸ்டென்ட் மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க" என்றுவிட்டு அறைக்குள் போனார்.

இனி டிஸ்க் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். சிவகுரு மேசைக்கு அடியில் விரித்த செய்தித்தாளின் மேல் வெறுங்காலை வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாக மழை விடவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வருவதற்குள் ஷூ குளமாகிவிட்டது.

அந்த ஆபீசில் அவனை மனிதனாக மதித்தவள் அக்கவுண்ட்ஸ் மாலதி ஒருத்திதான். காலையிலேயே அவன் காலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், அந்த சாக்ஸைக் கழட்டிக் குடுங்க. காய வெச்சுத் தர்றேன்" என்றாள்.

தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்திலா என்று கேட்டான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் அங்கே ஒரு கம்பளிக் காலுறையைக் கண்டெடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் துணியோடு யாரையும் விடுவதில்லையாம். சொல்லிச் சிரித்துக்கொண்டே சாக்ஸை வாங்கிப் போனாள். நல்ல மனசு.

டிஸ்க் வேலை பாதிக்கு வந்தபோது சர்வரின் முன்விளக்கு ஆரஞ்சு நிறமானது.

பர்லியாறு மலை ஏற்றத்தில் லாரி திணறுவதுபோல உள்ளே விசிறிகள் கத்த ஆரம்பித்தன. சூடு அதிகம் என்றது திரை.

காலைக் கீழே வைக்க முடியாத இந்தக் குளிரிலா? சிவகுரு வெறுங்காலோடு ரேக்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கயிறு. நேற்றுக் கட்டிய கயிறு இல்லை, கறுத்துப்போன பழைய கயிறு. சூடான காற்று வெளியே வரும் வலையோடு ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல், ஒரு கம்பளிக் குல்லா, ஒரு பள்ளிக்கூட ஸ்வெட்டர், கிளிப் போட்டு அவனுடைய இரண்டு சாக்ஸ்.

மேனேஜர் அறையிலிருந்து வந்து குல்லாவைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய சர்வரா இருந்தா இதுக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிருக்குமுங்க. கடைசி ஒரு வாரம் என்னா சூடு தெரியுங்களா!"

காரணம் கிடைத்துவிட்டது. சிவகுருவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேச வாயைத் திறந்தான்.

அதற்குள் குல்லா மேனேஜரின் தலைக்குப் போய்விட்டது. ஸ்வெட்டரை மாலதி ஓடிவந்து எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். அவளும் பாவம், பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்.

கயிற்றில் சாக்ஸ் மட்டும் மிஞ்சியது.

"இது யாருதுங்க?" என்றார் மேனேஜர்.

"அந்த சாருதுங்க" என்றாள் மாலதி.

மேனேஜர் சாக்ஸைப் பார்த்தார். ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார். சிவகுருவின் வெறுங்காலைப் பார்த்தார். அவர் ஒன்றும் மந்தமான ஆள் இல்லை. ஒரு சாக்ஸை இரண்டு விரலால் உருவிக்கொண்டு, மறுகையில் போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் போட்டபடி அறைக்குள் நடந்தார்.

"காரணம் கெடச்சிருச்சுங்க. கையிலயே இருக்குதுங்க."

சிவகுரு கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒன்று போனாலும் இன்னொன்று இருந்தது.