ஒரு பொட்டு வெளிச்சம்

“பிள்ளைத்தாச்சி நீ. கிரகணம் விடற வரைக்கும் ரூமை விட்டு வரப்படாது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ள வரப்படாது!”

பங்கஜவல்லி பிடித்த பிடியை விடுகிறவர் அல்ல. மருமகள் பல்லவியும் லேசுப்பட்டவள் இல்லை. அறிவியல் டீச்சர். மைசூரில் தெரியும் சூரிய கிரகணத்தை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீருவேன் என்று ஒரு வாரமாக மல்லுக்கு நின்றவள், இன்று “சரிம்மா” என்று ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதமே ஒட்டிவிட்டாள்.

“பாத்தியாடா, சொன்னா கேட்டுக்கறா!” மகன் ஸாரங்கிடம் பெருமையடித்தார் பங்கஜவல்லி.

கிரகணம் பாதி பிடித்த நேரம், அறைக்குள் பிள்ளைகளின் ஆரவாரம். கதவைத் திறந்தார். பல்லவியின் போனில் வகுப்பே கூடியிருந்தது. கறுப்புக் காகிதத்தில் ஊசியால் குத்திய ஒரு துளை. அதன் வழியே வந்து, கட்டிலின் வெள்ளை விரிப்பில், கடித்த அப்பளம்போல் கிடந்தது சூரியன்!

“மிஸ், காணிஸ்தில்லா!” திறந்த கதவின் வெளிச்சத்தில் சூரியன் மங்கியதும், தெரியவில்லை என்று போனில் கூச்சல்.

“இருட்டா இருந்தாத்தாம்மா தெரியும்,” என்றாள் பல்லவி, இடத்தைவிட்டு அசையாமல்.

விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்ற பங்கஜவல்லி, உள்ளே வந்து கதவை இறுகச் சாத்தினார். கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“ஸாரங்க்! கதவைத் திறந்தியோ, தெரியும் சேதி! ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வரப்படாது!”